முள்ளை நம்பலாமா?

எரிபொருள் காட்டும் முள் உள்ள மோட்டார் சைக்கிளே நெடும்பயணத்திற்கு ஏற்றது என்பார் பலர். ஹந்தானைச் சரிவில் அவ்வாதம் நில்லாது. தாங்கியினுள் மிதக்கும் மிதவையின் உயரத்தையே முள் உரைக்கின்றது. ஏற்றத்தில் பெற்றோல் பின்னே சரியும். இறக்கத்தில் முன்னே பாயும். அளவு மாறாதிருக்கவும் முள் மாறும். தாங்கியின் வடிவோ வளைவானது; முள் காட்டும் பாதி உண்மைப் பாதியாதல் அரிது.

2016இல் வெளிவந்த றோயல் என்பீல்ட் ஹிமாலயனுக்கு 15 லீற்றர்த் தாங்கியும் முள்ளும் உண்டு. பழைய புல்லட்டுக்கு முள் இல்லை. 'ரிசேவ்' எனும் திருகே உண்டு. எந்திரம் திணறும்போது அதைத் திருப்பினால், தாங்கியின் அடியில் எஞ்சிய பெற்றோல் இறங்கும். என் ஓட்டு அதற்கே. (நிரப்பியபின் அதனை மீளத் திருப்ப மறந்து, ஒருநாள் தேயிலை நூதனசாலைக்கு அருகிலிருந்து வண்டியை உருட்டி வந்தவன் யான்.)

2022ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கியூஆர் பங்கீட்டின்படி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. அரை லீற்றர் பிழைத்தாலும் வெள்ளிக்கிழமை வகுப்பு ஆசிரியரின்றிக் கிடக்கும். பம்பியால் எரிபொருள் செலுத்தும் இன்றைய வண்டிகளில் அத்திருகும் இல்லை. ஆதலின் பெற்றோல் நிரப்புந்தோறும் தூரமானியின் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றேன். முள்ளை நான் பார்ப்பதில்லை.