ஸ்டேக் மெமரி: அள்ளிக் கொடுக்காதீர்கள், அளந்து கொடுங்கள்

ஒரு புரோகிராம் 'ஸ்டேக் ஓவர்ஃப்ளோ' என்று செய்தி காட்டி நின்றுவிட்டால், பலரும் உடனே சொல்லும் வைத்தியம், "ராம் போதவில்லை, இன்னும் ஒன்று வாங்கிப் போடுங்கள்" என்பதுதான். இதில் உங்கள் பணம்தான் கரையும், நோய் தீராது. காரணம் புரிய வேண்டுமானால், வங்கிக் கணக்குகளைச் சுமக்கும் மெயின்பிரேம் கம்ப்யூட்டர்களில் இந்த மெமரியை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று பார்க்கலாம்.

ஒரு புரோகிராம் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும்போது, ஒவ்வொரு வேலையையும் ஒரு த்ரெட் கவனிக்கிறது. ஒரு வேலையின் நடுவே துணை வேலை ஒன்று வந்தால், விட்ட இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் தட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் இடமே ஸ்டேக். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி ஸ்டேக் உண்டு.

விண்டோஸில் இதன் வழக்கமான அளவு 1 எம்.பி. இதை மாற்றுவது புரோகிராம் எழுதியவர் கையில் உள்ளது. நீங்கள் எத்தனை ஜி.பி. ராம் சேர்த்தாலும் இந்த அளவு தானாக உயராது.

ஐ.பி.எம். மெயின்பிரேமின் இசட்/ஓ.எஸ். சிஸ்டத்தில் 'த்ரெட்ஸ்டேக்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தொடக்கத்தில் எவ்வளவு கொடுப்பது, போதாவிட்டால் எவ்வளவு கூட்டுவது, கூட்டியதை வேலை முடிந்ததும் வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்பதையெல்லாம் இதில் குறிப்பிடலாம்.

"எதற்கு வம்பு, தாராளமாகக் கொடுத்துவிடலாமே" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 31 பிட் புரோகிராமுக்கு மொத்த முகவரி இடமே 2 ஜி.பி.தான். 1,000 த்ரெட்டுகளுக்குத் தலா 1 எம்.பி. கொடுத்தால் ஏறக்குறைய பாதி காலி. தலா 128 கே.பி. போதுமென்றால் 125 எம்.பி.யில் வேலை முடிந்துவிடும். அதற்காக மிகவும் குறைத்தாலும் தொல்லைதான். அடிக்கடி கூடுதல் இடம் கேட்டு வாங்குவதிலேயே நேரம் போகும்.

எனவே அங்கே ஊகத்துக்கு இடமில்லை. 'ஆர்.பி.டி.எஸ்.டி.ஜி.' என்ற வசதியை இயக்கினால், புரோகிராம் முடிந்ததும் எவ்வளவு ஸ்டேக் செலவானது என்ற அறிக்கை வரும். அதைப் பார்த்து அளவை அமைக்கிறார்கள். அளப்பதற்கும் நேரம் செலவாகும் என்பதால், பிறகு அந்த வசதியை நிறுத்திவிடுகிறார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் உலகம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இது என்பேன்.

2000-ம் ஆண்டிலேயே மெயின்பிரேம் 64 பிட்டுக்கு வந்துவிட்டது, இனி சிக்கனம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு புரோகிராம் தன்னைத்தானே முடிவில்லாமல் அழைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய ஸ்டேக்கும் நிரம்பிவிடும். இடத்தைக் கூட்டினால் விபத்து சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஆகவே, அந்தச் செய்தி வந்தால் முதலில் புரோகிராமின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தயாரித்தவருக்கு எழுதுங்கள். நீங்களே எழுதிய புரோகிராம் என்றால், தன்னையே அழைக்கும் பகுதி எங்காவது நிற்காமல் ஓடுகிறதா என்று தேடுங்கள். ராம் வாங்குவது வேறு விஷயம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரி உண்மையிலேயே நிரம்பி வழிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு கடைக்குப் போனால் போதும்.