ஆறு மாத அமெரிக்கா

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போய் உட்கார்ந்தால் அமெரிக்காவை இலவசமாகப் பார்த்துவிடலாம். பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய பெரியவர்கள் பெஞ்சுக்கு ஒருவராக வீற்றிருந்து வர்ணிக்கிறார்கள். தெருவில் தூசி இல்லை. எவனும் ஹாரன் அடிப்பதில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர். முன்பின் தெரியாதவன் "குட் மார்னிங்" சொல்கிறான். கேட்கிறவர்கள் லஸ் பக்கமிருந்து வரும் இரைச்சலை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். பத்திரிகைகளும் இவர்களிடம் "முதல் அபிப்பிராயம்" கேட்டு வாங்கிப் போடுகின்றன.

இந்த வர்ணனைகளில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை என்பதே என் கட்சி. ஊரைப் பற்றி அவர்கள் சொல்வதெல்லாம் காரின் பின் ஸீட்டிலிருந்து பார்த்தது. மற்ற நாளெல்லாம் பார்த்தது ஒரு வீட்டின் உட்புறம். அதைப் பற்றி மட்டும் வாயைத் திறப்பதில்லை.

நான் திறக்கிறேன். கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்னும் ஊரில் நானும் என் மனைவியும் ஐந்து மாதம் குடியிருந்தோம். விஸிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி உண்டு. அந்த ஆறு மாதத்தை நம் வீடுகளில் எப்படிக் கணக்கிடுகிறார்கள் தெரியுமோ? பிரசவத்துக்கு முன் ஒரு மாதம், பின் ஐந்து மாதம். அது முடிந்ததும் சம்பந்தி அம்மாள் விமானம் ஏறுவாள். ரிலே பந்தயம்தான்! ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் வரிசையில் நிற்கும் எந்தப் பாட்டியையும் கேளுங்கள்; "ஊர் பார்க்கப் போகிறேன்" என்பாள். போவது சம்பளமில்லாத ஆயா வேலைக்கு.

பேரனைத் தூக்க யாருக்கும் கசக்காது. என் சண்டை அதைப் பற்றியதல்ல; வாசற்கதவைப் பற்றியது. மயிலாப்பூரில் இந்த எழுபது வயதிலும் நானே போய்ப் பால் வாங்குகிறேன். தெற்கு மாட வீதியில் கீரைக்குப் பேரம் பேசுகிறேன். கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். சென்னையில் 2016 முதல் 60 வயது கடந்தவர்களுக்கு மாதம் 10 தடவை பஸ்ஸில் இலவசப் பயணம் வேறு. பிரீமாண்டில் கோபித்துக்கொண்டு எங்கே போவது? அங்கே கதவுக்குச் சாவி கிடையாது. எண்களை அழுத்தினால் திறக்கும். அந்த எண்களை எனக்குச் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று! கேட்டால் பதில் தயார்: "வழி தப்பிடுவீங்கப்பா. கீழே விழுந்து வெச்சா இன்ஷூரன்ஸ்காரன் குடுக்க மாட்டான்." பயணத்துக்கென்று வாங்கும் மருத்துவ இன்ஷூரன்ஸில் பழைய வியாதிகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை என்பது மெய்தான். அந்த ஊர் ஆஸ்பத்திரி பில் ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிடும் என்பதும் மெய்தான். அதற்காக மனுஷனைப் பீங்கான் ஜாடி மாதிரி பஞ்சில் சுற்றி வைப்பதா? நானாவது ஜன்னலோரம் நின்றேன். என் மனைவி கண்ட அமெரிக்கா பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றுதான்.

இத்தனைக்கும் காரில்லாதவனை அடியோடு கைவிட்ட ஊரல்ல அது. 1972 முதல் அங்கே 'பார்ட்' மின்சார ரயில் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போய்விடலாம். 65 வயதானவர்களுக்குப் பாதிக்கும் குறைந்த கட்டணம். இதை எனக்குச் சொன்னவர் யார்? எலிசபெத் ஏரிக்கரையில் காலை வேளையில் கையை வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர். அதுவும் நாலாவது மாதம்! பதினெட்டு வருஷமாக அங்கே இருக்கும் என் மகன் அந்த ரயிலில் ஏறினதே இல்லையாம்.

தியாகராய நகர்வாசியான அசோகமித்திரன் 1973-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கினார். ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-இல் விட்டுவிட்டு எழுத்தை நம்பி இருந்த மனிதர். அந்த ஊரில் அவர் யாருக்கும் அப்பாவும் அல்ல, தாத்தாவும் அல்ல. வெளியே போக யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'ஒற்றன்' 1985-இல்தான் புத்தகமாக வந்தது. பன்னிரண்டு வருஷம்! நம் பூங்காப் பெரியவர்களோ விமானம் இறங்கிய மறுநாளே தீர்ப்பு வாசிக்கிறார்கள்.

பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிற பாசம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பாசத்துக்காகத் தூசியில்லாத தெருவைப் புகழ்ந்துகொண்டே இருந்தால், அதைக் கேட்டு அடுத்த வீட்டு அம்மாளும் பெட்டி கட்டுகிறாளே? அடையாற்றில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் கற்பித்தவர். நியூ ஜெர்ஸியில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். அங்கே கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டேன். "யார் காட்டினா?" என்றார்.

அடுத்த கோடையில் புறப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாண்டி பஜாரில் ஸ்வெட்டர் வாங்குவதும் நாரத்தங்காய் ஊறுகாயைக் கட்டி வைப்பதும் இருக்கட்டும். முதலில் பிள்ளையைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்: வாசற்கதவு எண் என்ன, பஸ் எங்கே நிற்கும், வாரத்தில் எந்த இரண்டு நாள் எனக்கு லீவு? பதில் வராவிட்டால், டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.