பறவைகளுக்குத் தெரியாமல் பறவை பார்க்கலாமா? நெதர்லாந்தின் 'முட்டை' கட்டடம் சொல்லும் பாடம்

பறவைகள் சரணாலயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கண்காணிப்புக் கோபுரம். நாலு தூண், ஒரு படிக்கட்டு, உச்சியில் ஒரு மேடை. ஏறி நின்றால் ஏரி முழுக்கத் தெரியும். சிக்கல் என்னவென்றால், ஏரியில் இருக்கும் பறவைகளுக்கும் நாம் முழுக்கத் தெரிவோம்.

2025 தொடக்கத்தில் ராமநாதபுரத்தின் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்ததில், தமிழ்நாட்டின் ராம்சர் ஈரநிலங்கள் 20 ஆகின. நாட்டிலேயே அதிகம். அங்கீகாரம் வந்தால் கூட்டம் வரும், கூடவே கட்டடங்களும் வரும். அவை எப்படி இருக்க வேண்டும்?

மனிதர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

தரையில் கூட்டமாக முட்டையிடும் ஆலா போன்ற பறவைகளில், சில பறவைகள் மிரண்டு எழுந்தாலே மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் முட்டைகள் வெயிலிலும் குளிரிலும் கிடக்கும். கடற்காக்கைகளுக்கு அதுதான் வாய்ப்பு. இது அடிக்கடி நடந்தால் அந்த இடத்தையே பறவைகள் கைவிடலாம். கூடு கட்டாத வலசைப் பறவைகளுக்கும் நஷ்டம்தான். நீண்ட பயணத்துக்காகச் சேர்த்த சக்தியைத் தேவையில்லாமல் பறந்தே செலவழிக்கின்றன.

வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மனித உருவம், திடீர் அசைவு, சத்தம். பறவைகளை மிரட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றும்தான்.

'டெய்' என்ன செய்தது?

1953 பெருவெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்தார்கள். அதன்பின் கடலைத் தடுக்கக் கட்டிய அணைகளில் ஒன்று ஹாரிங்விலீட் முகத்துவாரத்தை மூடியது. வெள்ளம் நின்றது, ஆனால் மீன்கள் வந்துபோகும் வழியும் அடைபட்டது. 2018-ல் அதன் மதகுகளைச் சற்றே திறந்துவைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முகத்துவாரத்தின் இயற்கையை மீட்கும் பணிகளின் ஒரு பகுதியாக, 2019-ல் ஸ்கேல்ஹூக் காப்பகத்தில் எழுந்ததுதான் 'டெய்' என்ற பறவை பார்க்கும் கூடம். டச்சு மொழியில் 'டெய்' என்றால் ஓதம். முட்டை என்பதற்கான சொல்லும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்புதான். கட்டடத்தின் வடிவமும் சாண்ட்விச் ஆலாவின் முட்டை.

வடிவத்தைவிட முக்கியமானது அங்கே போய்ச் சேரும் வழி. பாதையின் கடைசிப் பகுதி, பழைய கம்பங்களை மறுபடி பயன்படுத்திக் கட்டி, மேலே மணல் மூடிய சுரங்கம். அதனால் ஆட்கள் வருவது பறவைகளுக்குத் தெரியாது. உள்ளே போனதும் சின்னத் திறப்புகள் வழியாகப் பார்க்க வேண்டியதுதான். கூரை நாணலால் வேய்ந்தது. சட்டகம், கணினியில் வடிவமைத்து ஆலையில் வெட்டி எடுத்த மரத்துண்டுகளால் ஆனது. நீர் ஏறினால் நனையும் கீழ்ப்பகுதிக்கு மட்டும் அழுகாதபடி பதப்படுத்திய மரம். தேவைப்பட்டால் முழுவதையும் கழற்றி எடுத்துவிடலாம்.

நார்வேயின் டோவ்ரே மலைப்பகுதியிலும் இதே யோசனைதான். காட்டுக் கலைமான்களைப் பார்ப்பதற்காக ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்த கூடம் 2011-ல் திறக்கப்பட்டது. மக்கள் மலை முழுக்கச் சுற்றாமல், கண்ணாடிச் சுவருக்குள் ஒரே இடத்தில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்க்கிறார்கள்.

அப்படியே இங்கேயும் கட்டலாமா?

அவ்வளவு சுலபமில்லை. மரமும் நாணலும் நம் ஊரில் கரையானையும் மழையையும் புயலையும் தாங்க வேண்டும். கீற்றை அடிக்கடி மாற்றியாக வேண்டும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காவிட்டால் சில வருடங்களில் 'பசுமைக் கட்டடம்' இடிபாடாகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அழகான கட்டடமே கூட்டத்தை இழுக்கும். பறவையை விட்டுவிட்டு கட்டடத்தோடு செல்ஃபி எடுக்க வருபவர்கள் அதிகமானால், சுரங்கம் இருந்தும் சத்தம் குறையாது.

கட்டடமே இல்லாமல் காப்பாற்றிய உதாரணங்களும் நம்மிடம் உண்டு. வேடந்தாங்கலில் ஏரிக்கரைதான் பார்வை மேடை, பறவைகள் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றைச் சுடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் கேட்டு, 1798-லேயே ஆட்சியரிடம் உத்தரவு வாங்கிவிட்டார்கள். சிவகங்கை வேட்டங்குடியில் பறவைகளுக்காக தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

புதிதாகக் கட்டும்போது கேட்க வேண்டிய 4 கேள்விகள்

* நடந்து வரும் பாதை பறவைகள் கண்ணில் படுகிறதா?
* ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற வரம்பு உண்டா? கூடு கட்டும் பருவத்தில் மூட முடியுமா?
* தடம் தெரியாமல் கழற்ற முடியுமா, அல்லது கான்கிரீட் அடித்தளம் ஈரநிலத்திலேயே நிற்குமா?
* உள்ளூர்ப் பொருளைக் கொண்டு உள்ளூர் ஆட்களே பழுது பார்க்க முடியுமா?

முதல் இரண்டுக்குச் சரியான பதில் இல்லையென்றால், மூங்கிலில் கட்டினாலும் அது பறவைகளுக்கு இன்னொரு தொந்தரவுதான்.