அந்தப் படிவத்தில் இருக்கும் சொல்

என் அக்கா மகனுக்கு 22 வயது. அவனது மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக வாங்கிய படிவத்தில் ஆட்டிசத்துக்கு நேராக ‘புற உலக சிந்தனையற்ற மதி இறுக்கம்’ என்று அச்சிட்டிருந்தது. அக்கா அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, “இவனுக்கா?” என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்பவன் அவன். டியூப்லைட் லேசாகத் துடித்தாலும் அவன் கண்ணில் பட்டுவிடும். சட்டைக் காலரில் தைத்த துணி உறுத்தினால் அன்று முழுக்க நிம்மதி கிடையாது. புற உலகம் மொத்தமும் ஒரே நேரத்தில் அவனுக்குள் நுழைந்துவிடுகிறது. அதுதான் அவன் படும் பாடு. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்து எங்கெங்கே நிற்கும் என்று வரிசை பிசகாமல் சொல்வான். ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் இந்த நினைவாற்றல் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பேச்சே வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் பிடித்த வேலையில் மணிக்கணக்காக ஊன்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்கு நேர்காணல். துணைக்கு நான் போனேன். மாதிரித் தாளில் ஒரே ரசீது எண் இரண்டு இடத்தில் ஏறியிருந்ததை விரல் வைத்துக் காட்டினான். “கரெக்ட்தான்” என்றார் அதிகாரி. அடுத்து, “உன்னைப் பத்திச் சொல்லு தம்பி” என்றார். இவன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். “முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறானே சார்” என்று என்னிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு வேலைகளில் 4 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்தே 1 சதவீதம்தான். அதையும் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவருக்கே கொடுப்போம் என்றால் எப்படி?

அரசும் தனியாரும் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கட்டும். சத்தமில்லாத அறையில் அரை நாள் வேலையைச் செய்யவிட்டுப் பார்க்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

‘ஊனமுற்றோர்’ என்பதையே ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றி எழுதிய மாநிலம் இது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அந்த நீண்ட பெயரை அடித்துவிட்டு, ‘ஆட்டிசம்’ என்று மட்டும் அச்சடிக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அப்படித்தான் சொல்கிறோம்.