மரத்தில் கட்டிய கேமராவை மான் கண்டுபிடித்துவிடுமா? அமெரிக்க வேட்டைக்காடுகளில் ஒரு சர்ச்சை

அமெரிக்கக் காடுகளில் மரத்தோடு மரமாக, பெல்ட் போட்டுக் கட்டப்பட்டிருக்கும் சின்னப் பெட்டி அது. எதிரே ஏதாவது அசைந்தால் தானாகவே படம் எடுக்கும். பெயர், டிரெயில் கேமரா. மான் வேட்டைக்குப் போகிற பலரிடம் இன்று துப்பாக்கி, வில்லோடு இதுவும் இருக்கிறது.

எந்த மான், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை ஆள் காத்திருக்காமலேயே தெரிந்துகொள்ளலாம். அதுதான் இதன் கவர்ச்சி. ஆனால், படங்களைப் பார்க்கும்போது வேட்டைக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. சில மான்கள் லென்ஸை நேராக உற்றுப் பார்க்கின்றன. சில கிட்ட வந்து மோந்து பார்க்கின்றன. சில ஒரே தாவலில் ஓடிவிடுகின்றன. அப்புறம் பல நாள் அந்த மான் அந்தப் பக்கமே வருவதில்லை. ‘கேமராவாலதான் போயிடுச்சா?’

கேள்வி வேட்டைக்காரர்களோடு நிற்கவில்லை. இந்தக் கேமராக்களுக்குச் சில மாநிலங்கள் தடையே போட்டிருக்கின்றன. காட்டுயிர்களைக் கேமரா வைத்து எண்ணும் விஞ்ஞானிகளுக்கும் இதில் அக்கறை உண்டு. அதனால், மான் உண்மையில் எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது என்பது முக்கியமாகிறது.

அமெரிக்காவில் மான் வேட்டை எப்படி சட்டப்படி நடக்கிறது?

இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே ‘வெள்ளைவால் மான்’ இனம் மட்டும் சுமார் 3 கோடி இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அவற்றைத் தின்று கட்டுப்படுத்திய ஓநாய், பூமா போன்றவை நாட்டின் பெரும்பகுதியில் எப்போதோ அழிந்துவிட்டன. உரிமம், பருவம், ஒருவர் எத்தனை மான் சுடலாம் என்ற வரம்பு எல்லாவற்றையும் மாநில அரசுகளே தீர்மானிக்கின்றன. உரிமக் கட்டணமும், 1937-ம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீது வசூலிக்கப்படும் வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்கே போகின்றன.

கேமரா எப்படி வேலை செய்கிறது?

உள்ளே இருக்கும் சென்சார், சுற்றுப்புறத்தைவிட வெப்பம் மாறுபட்ட ஓர் உடல் முன்னால் நகர்வதை உணர்ந்து கேமராவை எழுப்புகிறது. இந்த சென்சார் வெளியே எதையும் அனுப்புவதில்லை, வருகிற வெப்பத்தைத்தான் வாங்கிக்கொள்கிறது. எனவே, சென்சாரை மான் உணர வாய்ப்பில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். இருட்டில் படம் எடுக்க வெளிச்சம் வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, சாதாரண வெள்ளை ஃபிளாஷ். இரண்டாவது, 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு விளக்கு. மூன்றாவது, ‘ஒளிராதது’ என்று விற்கப்படும் 940 நானோமீட்டர் விளக்கு.

வெள்ளை ஃபிளாஷுக்கு மான் என்ன செய்யும் என்பது நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்த கதை. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ஜார்ஜ் ஷைராஸ் என்பவர், 1890-களில் மிச்சிகன் பகுதியில் இரவில் மான்களைப் படமெடுத்தார். படகிலிருந்தும் எடுத்தார், விலங்கு காலால் கம்பியை இழுத்தால் தானே எடுக்கும்படியும் அமைத்தார். ஃபிளாஷ் வெடித்ததும் மிரண்டு தாவும் மான்களின் படமும் அவற்றில் உண்டு. 1906-ல் நேஷனல் ஜியாகரஃபிக் இதழ் அவரது படங்களை வெளியிட்டது. இன்றைய டிரெயில் கேமராவின் முன்னோடி அதுதான்.

அகச்சிவப்பு வெளிச்சம் மானுக்குத் தெரியாதா?

மனிதக் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டே வகை. 1990-களில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற ஆய்வு இதை அளந்து காட்டியது: ஒன்று நீல நிறத்தையும், மற்றொன்று பச்சையையும் நன்றாக உணர்கிறது. சிவப்புக்கெனத் தனியாக எதுவும் இல்லை. பல மாநிலங்களில் வேட்டைக்காரர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு உடை போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சக வேட்டைக்காரர் கண்ணில் அடிக்கும் அந்த நிறம், மானுக்கு அப்படித் தெரியாது.

அப்படின்னா, அகச்சிவப்பு சுத்தமாகத் தெரியாதா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 850 நானோமீட்டர் விளக்கு எரியும்போது மனிதர்களுக்கே மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். மானின் கண், இருட்டுக்காகவே உருவானது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம், உள்ளே வந்த வெளிச்சத்தை இன்னொரு முறை பயன்படுத்திக்கொள்கிறது. கார் விளக்கில் மான் கண் பளபளப்பது அதனால்தான். கும்மிருட்டில், பழகிய பாதையில், திடீரென ஒரு மங்கல் ஒளி தோன்றினால் அது கவனத்தை இழுக்கக்கூடும். 940 நானோமீட்டர் விளக்கில் இந்தச் சாத்தியம் குறைகிறது. ஆனால் அதன் வெளிச்சம் எட்டும் தூரமும் குறைவு, படமும் சுமாராகவே வரும்.

சத்தம்?

வேட்டைக்காரர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இதுதான். பகலில் வண்ணப் படம், இரவில் கருப்பு வெள்ளைப் படம் என்று மாறும்போது, பல கேமராக்களுக்குள் ஒரு சின்ன வடிகட்டி நகர்கிறது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் நிற்கும் மனிதருக்கே கேட்கலாம்.

மனிதக் காது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வெள்ளைவால் மானுக்கு, சத்தம் போதுமான அளவு இருந்தால், 54,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று 2010-ல் வெளியான அளவீடு சொல்கிறது. அதாவது, மின்னணுக் கருவி எழுப்பும் மீயொலி மனிதருக்கு மௌனம், மானுக்கு அப்படியல்ல.

ஆஸ்திரேலியாவில் பால் மீக் தலைமையிலான குழு, 12 மாடல் கேமராக்களைச் சோதித்து 2014-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலான பாலூட்டிகளுக்குக் கேட்கக்கூடிய சத்தமும், பல விலங்குகளுக்குத் தெரியக்கூடிய வெளிச்சமும் கேமராக்களிலிருந்து வருகின்றன என்பதே முடிவு. கேமரா ‘யாருக்கும் தெரியாமல்’ பார்க்கிறது என்ற நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

சரி, மான் காணாமல்போவது கேமராவால்தானா?

இங்கேதான் நிதானம் தேவை. ‘மான் கேமராவைக் கவனிக்கிறது’ என்பது வேறு, ‘கேமராவால் மான் இடத்தைக் காலி செய்கிறது’ என்பது வேறு. உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி புல்லை மேயத் தொடங்கும் மானும் உண்டு. ஆபத்து எதுவும் வரவில்லை என்றால் விலங்குகள் பழகிவிடுகின்றன.

பழகாதது மனித வாசனைக்கு. மான் முதலில் நம்புவது மூக்கைத்தான். மெமரி கார்டை எடுக்க, பேட்டரி மாற்ற, வேட்டைக்காரர் வாரம் ஒருமுறை அதே பாதையில் நடந்து போகிறார். தரையில், இலையில், கேமராவின் பெல்ட்டில் அவருடைய வாசனை தங்கிவிடுகிறது. வேட்டை அழுத்தம் கூடும்போது மான்கள் பகல் நடமாட்டத்தைக் குறைத்து இரவுக்கு மாறுவது நன்கு அறியப்பட்ட நடத்தை. கேமராவைக் குற்றம் சொல்பவர், கேமராவைப் பார்க்கத் தான் எத்தனை முறை போனோம் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பருவமும் ஒரு காரணம். கோடையில் ஆண் மான்கள் கூட்டமாகத் திரியும். இலையுதிர் காலம் நெருங்கும்போது ஹார்மோன் மாறி, கூட்டம் பிரிந்து, ஒவ்வொன்றும் தனிவழி போகும். ஓக் மரக் கொட்டைகள் உதிரத் தொடங்கியதும் தீவனம் கிடைக்கும் இடம் மாறும். பல பகுதிகளில் நவம்பரில் இணைசேரும் காலம் உச்சத்துக்கு வரும். ஆகஸ்டில் தினமும் படத்தில் வந்த மான் அக்டோபரில் காணாமல்போனால், அது வேறு பக்கம் மேயப் போயிருக்கலாம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கேமராவைத் தவிர்த்துச் சுற்றிப் போகும் மான், அந்தக் கேமராவில் பதிவாகவே பதிவாகாது. பின்பக்கமாக நடந்து போனதும் அப்படித்தான். ‘படம் இல்லை’ என்றால் ‘மான் இல்லை’ என்று அர்த்தமில்லை. முதல் கேமராவைக் கண்காணிக்கும்படி தள்ளி இன்னொரு கேமரா வைத்தால்தான் உண்மை ஓரளவு தெரியும்.

செல்லுலார் கேமரா தீர்வா?

மனித வாசனைதான் பிரச்சினை என்றால், ஆள் போகாமலேயே படம் வந்துவிட்டால் போதுமே? அதற்கு வந்ததுதான் மொபைல் நெட்வொர்க்கில் இயங்கும் கேமரா. மான் முன்னால் வந்தால், சற்று நேரத்தில் படம் போனுக்கு வந்துவிடும். சோலார் பேனலும் சேர்ந்தால், மாதக்கணக்கில் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. மானுக்கும் தொந்தரவு குறைவு.

ஆனால் அதே வசதிதான் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. ‘மான் இப்போ இங்கதான் நிக்குது’ என்று போன் சொன்னால், அது வேட்டையா, டெலிவரி டிராக்கிங்கா? தியோடர் ரூஸ்வெல்ட் 1887-ல் தொடங்கிவைத்த பூன் அண்ட் கிராக்கெட் கிளப், வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் பழைய அமைப்பு. விலங்கு இருக்கும் இடத்தை உடனுக்குடன் காட்டும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திச் சுட்டவற்றை அது தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அதன் வாதம்.

ஆக, மானை மிகக் குறைவாகத் தொந்தரவு செய்யும் கேமராவே, மானுக்கு மிகக் குறைவான வாய்ப்பைத் தரும் கேமராவாகவும் இருக்கிறது.

எந்த மாநிலத்தில் என்ன சட்டம்?

● அரிசோனா: வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா பயன்படுத்துவதற்கு மாநில ஆணையம் 2021 ஜூனில் ஒருமனதாகத் தடை விதித்தது. 2022 ஜனவரி 1 முதல் அமல்.

● நெவாடா: பொது நிலங்களில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை தடை. படத்தை அனுப்பும் வகைக் கேமராக்களுக்கு இந்தத் தடை ஜூலையிலேயே தொடங்கிவிடும்.

● யூட்டா: பெரிய விலங்கு வேட்டைக்கு ஜூலை 31 முதல் டிசம்பர் 31 வரை பயன்படுத்தக் கூடாது என்று 2022-ல் முடிவானது.

மூன்றும் வறண்ட மேற்கு மாநிலங்கள் என்பது தற்செயல் இல்லை. பாலைநிலத்தில் விலங்குகள் தண்ணீருக்குக் குறிப்பிட்ட சில குட்டைகளுக்கோ தொட்டிகளுக்கோ வந்தே ஆக வேண்டும். அங்கே ஆளாளுக்குக் கேமரா கட்டி, அதைப் பார்க்க ஆளாளுக்கு வந்து போனால், தாகத்தோடு வரும் விலங்குக்கு வேறு போக்கிடம் இல்லை. கிழக்கே, எங்கும் தண்ணீரும் தழையும் இருக்கும் காட்டில், மான் சுற்றிக்கொண்டு போய்விடலாம்.

புலி கணக்கெடுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம்மூரில் இதே கருவி வேட்டைக்கு அல்ல, எண்ணுவதற்குப் பயன்படுகிறது. 2018 புலி கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து, சுமார் 3.48 கோடி படங்கள் எடுக்கப்பட்டன. அது கின்னஸ் சாதனையாகவும் பதிவானது. உடல் வரிகளை வைத்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்கிறார்கள். மான் போன்ற இரை விலங்குகளைப் பெரும்பாலும் நேர்கோட்டுப் பாதையில் நடந்து, நேரில் பார்த்து எண்ணுகிறார்கள்.

ஒரு முறை படத்தில் சிக்கிய விலங்கு மறுபடியும் அதே போல நடந்து வரும் என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு எளிது. நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவில் நடந்து, 2004-ல் வெளியான ஆய்வில், ஃபிளாஷ் அடித்த கேமராக்களைப் புலிகள் தவிர்க்கத் தொடங்கியது தெரியவந்தது. அப்படித் தவிர்த்தால், இருப்பதைவிடக் குறைவாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் எண்ணிக்கைக் கணக்கில், விலங்கு கேமராவுக்குக் கூச்சப்படுவதையும் ஒரு அம்சமாகச் சேர்க்கும் முறைகள் உருவாகியுள்ளன.

அமெரிக்க வேட்டைக்காரருக்கு ஒரு மான் கை நழுவினால் அந்தப் பருவத்தோடு போய்விடும். கணக்கெடுப்பில் விலங்கு கை நழுவினால், எந்தக் காட்டுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும் என்ற முடிவே பிசகலாம். எந்த வகை ஃபிளாஷ் பயன்படுத்தப்பட்டது, எத்தனை முறை ஆட்கள் கேமராவுக்குப் போய் வந்தார்கள் என்ற சாதாரண விவரங்களும் எண்ணிக்கையோடு சேர்ந்தே பார்க்கப்பட வேண்டியவை.