நிறுத்தத் தெரிந்தவரே ஓட்டத் தெரிந்தவர்

திருவண்ணாமலையிலிருந்து போளூர் வழியாக வேலூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நகரை ஒட்டி அமைந்துள்ள ஊர் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இவ்வூரில்தான் இயங்குகிறது. மனுவைக் கையில் ஏந்தி வரும் முதியவர், பள்ளிக்கு விரையும் மாணவர், பால் கேன்களைத் தொங்கவிட்டுச் செல்லும் இருசக்கர வண்டி, வெளியூர்ப் பேருந்து, கரும்பு ஏற்றிய டிராக்டர் என அனைத்தும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. முழுநிலவு நாளிலோ, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவர வரும் அடியார்கள் நகரை நோக்கிய சாலைகளில் இரவெல்லாம் நடக்கின்றனர். அவர்களுள் குழந்தையைத் தோளில் சுமந்தவர் உண்டு; வெறுங்காலோடு நடப்பவர் உண்டு.

இத்தகைய சாலை வாகன ஓட்டியிடம் வேண்டுவது ஒரே ஒரு திறனைத்தான். அது வேகமாகச் செல்லும் திறன் அன்று. வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் நிற்கும் திறன். ஆனால், புதிதாக வாங்கிய வண்டியைச் சூழ்ந்து நிற்கும் இளைஞர் கேட்கும் முதல் வினா, “எவ்வளவு வேகம் போகும்?” என்பதே. “எத்தனை அடியில் நிற்கும்?” என்று கேட்பவர் அரியர். இந்த இரண்டாம் வினாவைக் கேட்கப் பழகாத சமூகம் அதற்கான விலையை உயிர்களாகக் கொடுத்து வருகிறது.

எண்கள் உரைப்பவை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. இங்கு நிகழ்ந்த 64,105 விபத்துகளில் 17,884 பேர் மாண்டனர். நாளொன்றுக்கு 49 பேர் என்பது இதன் பொருள். ஒரு வகுப்பறை முழுதும் நாள்தோறும் வெறுமையாவதற்கு ஒப்பான இழப்பு இது.

இவ்விழப்புகளை விதியின் மேல் சுமத்துவது எளிது. எனினும், விபத்துக்கு முந்தைய சில நொடிகளைக் கூர்ந்து நோக்கினால் அங்கே விதி தெரிவதில்லை. இயற்பியல் விதிகளே தெரிகின்றன.

ஒரு நொடியின் நீளம்

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 17 மீட்டர் அளவை எட்டுகிறது. சாலையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண் காண்கிறது, மூளை உணர்கிறது, கை பிரேக்கை நாடுகிறது. இதற்கு ஒரு நொடி ஆகும் எனக் கொண்டால், அந்த நொடி முழுவதும் வண்டி சற்றும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கைப்பேசியில் பேசுபவருக்கோ உறக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கோ இந்த நொடி மேலும் நீளும்.

அதன்பின் பிரேக் பிடிக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் நன்கு பயின்ற ஒருவர் நிறுத்தும்போது, வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 6 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்ளலாம். அவ்வாறாயின், 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் மொத்தம் 21 மீட்டர் தொலைவில் நின்றுவிடுவார். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவருக்கோ 40 மீட்டர் தேவைப்படும். வேகம் ஒன்றரை மடங்கு கூடியபோது நிற்கும் தொலைவு ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது என்று பாடத்தில் படிப்பதன் பொருள் சாலையில் இதுவே.

இக்கணக்கில் மறைந்திருக்கும் மற்றோர் உண்மை இன்னும் அச்சந்தருவது. முதலாமவர் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தைக் கடக்கும்போது, இரண்டாமவரின் வண்டி இன்னும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். குழந்தை அந்த இடத்தில் நின்றிருந்தால், ஒருவருக்கு அது பெருமூச்சோடு முடியும் நிகழ்ச்சி. மற்றவருக்கு வாழ்நாள் முழுதும் தீராத துயரம்.

முன் பிரேக்கைப் பற்றிய அச்சம்

முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அதனால் பின் பிரேக்கை மட்டுமே நம்பிப் பல்லாண்டுகள் வண்டி ஓட்டுவோர் உள்ளனர். இவ்வச்சத்திற்கு ஒரு காரணம் உண்டு; ஆயினும் அதிலிருந்து பெறப்பட்ட முடிவு பிழையானது.

பேருந்து திடீரென நிற்கும்போது நின்றுகொண்டிருக்கும் பயணிகள் முன்னோக்கிச் சாய்கின்றனர். அதுபோலவே, பிரேக் பிடித்ததும் வண்டியின் பளு முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. அச்சக்கரம் சாலையை இறுகப் பற்றுகிறது. பின்சக்கரத்தின் பிடியோ தளர்கிறது. ஆகவே, நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் உள்ளது. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் நிற்பதற்கு ஏறத்தாழ இரு மடங்கு தொலைவு ஓடுவார். பதற்றத்தில் ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் சுழலாமல் இறுகி, வண்டி பக்கவாட்டில் சறுக்கும்.

முன் பிரேக்கை வெடுக்கென்று பற்றுவதே ஆபத்து. படிப்படியாக அழுத்துவது ஆபத்தன்று. கைப்பிடியை நேராக வைத்து, இரு பிரேக்குகளையும் ஒருசேர, மென்மையாகத் தொடங்கி விரைந்து அழுத்தம் கூட்டுவதே முறை. வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போதும், மணல் படிந்த இடத்திலும், மழையில் நனைந்த சாலையிலும் சக்கரத்தின் பிடி குறைவு. அங்கே பின்னர் நிறுத்த முயல்வதைவிட முன்னரே வேகத்தைத் தணிப்பதே அறிவுடைமை.

கருவியும் பயிற்சியும்

தொழில்நுட்பமும் துணைக்கு வந்துள்ளது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும் ஏபிஎஸ் எனப்படும் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. சக்கரம் இறுகப்போவதை உணரி கண்டறிந்தவுடன் பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தியும் கூட்டியும் சறுக்கலை அது தடுக்கிறது. அதைவிடச் சிறிய வண்டிகளில், ஒரு பிரேக்கை இயக்கினால் இரு சக்கரங்களிலும் பிடிக்கும் இணைந்த பிரேக் அமைப்பு இடம்பெற்றது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், இழந்த நொடியை எந்தக் கருவியாலும் மீட்டுத்தர இயலாது.

நாட்டில் ஓட்டுநர் உரிமத் தேர்வு என்றதும் நினைவுக்கு வருவது ‘எட்டுப் போடுதல்’. காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு வடிவில் ஓட்டிக் காட்டினால் போதும் என்பதே பொதுமக்களின் எண்ணம். அது சமநிலையைச் சோதிக்கிறது; நிறுத்தும் திறனைச் சோதிப்பதில்லை. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெற விரும்புவோர், குறைந்தது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். எட்டுப் போடக் கற்பிப்பது போல் இங்கும் அவசர நிறுத்தத்தை முறையாகக் கற்பித்து, தவறாது சோதித்த பின்னரே உரிமம் வழங்குதல் வேண்டும்.

பதினெட்டுக்கு முன்

மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச்சாலையில் கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயதில் உரிமம் பெறுவோர் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டுமே ஓட்டலாம். வீடுகளில் இருப்பவையோ பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. அச்சிறாருக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது.

பேருந்து அரிதாக வரும் சிற்றூர்களில் தந்தையின் வண்டியை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சிலர் வாதிடுவர். அக்குறை உண்மையானது, பேருந்து வசதியைப் பெருக்குவதும், குழிகளைச் சீர்செய்வதும், மின்விளக்குகளை எரியச் செய்வதும் அரசின் கடமைகள். ஆனால், அக்கடமைகளின் குறைபாட்டிற்கு ஒரு மாணவனின் உயிர் ஈடாக இயலாது.

பதினோராம் வகுப்பு மாணவர்க்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. பள்ளிக்குச் செல்லும் ஊர்தி என்பதோடு, அதனை நிறுத்தும் கலையின் முதல் பாடநூல் என்றும் கருதலாம். இரு பிரேக்குகளையும் ஒருசேரப் படிப்படியாக அழுத்துதல், தொலைவில் பார்வையைச் செலுத்துதல், முன்செல்லும் வண்டியிலிருந்து விலகியே செல்லுதல் ஆகியவற்றை ஆளில்லாத திடலில், குறைந்த வேகத்தில் மிதிவண்டியிலேயே பழகலாம். அப்பழக்கம் பின்னாளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் துணைநிற்கும்.

எவ்வளவு பயின்றாலும் தவறு நேரலாம். அப்போது எஞ்சும் காவல் தலைக்கவசமே. 2022இல் தலைக்கவசம் அணியாமல் சென்று உயிரிழந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர், உடன் அமர்ந்து சென்றவர்கள். பின்னிருக்கையில் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் எனச் சட்டம் கூறுவதன் காரணம் இதுவே. கழுத்துப் பட்டையைக் கட்டாத கவசம் கையில் தொங்கும் கவசத்திற்கு ஒப்பானதே.

வேங்கிக்கால் சாலையில் இன்றும் யாரோ ஒரு முதியவர் மனுவோடு சாலையைக் கடப்பார். எதிரே வரும் வண்டியை ஓட்டுபவர் யாரென்று அவருக்குத் தெரியாது. அவ்வண்டி நின்றுவிடும் என்ற நம்பிக்கையில்தான் அவர் அடுத்த அடியை எடுத்துவைக்கிறார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத் தெரிந்தவரே வண்டி ஓட்டத் தெரிந்தவர்.