திட்டியதை ஏன் எழுதவில்லை?

திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். மல்லாட்டை பறித்த கூலியில் பாக்கி கேட்கப் போன ஒரு அக்காவைச் சாதியைச் சொல்லி அடித்துவிட்டார்கள். நாங்கள் நான்கு பேர் போய் விசாரித்து அறிக்கை எழுதினோம். எழுதியதைப் பாதிக்கப்பட்டவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் வெளியிடுவோம். அந்த அக்கா கடைசி வரி வரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏம்மா, இதுல நான் அழுதுகினே இருக்கன். அவனுவள நடுத்தெருவுல நிக்க வச்சித் திட்டனன. அத ஏன் எழுதல?”

எங்களிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. திட்டியதை எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் ‘சண்டைக்காரி’ என்று பிடித்துக்கொள்வார் என்று பயந்தோம். அதனால் ‘ஆதரவற்ற அப்பாவிக் கூலிப் பெண்’ என்று எழுதினோம். நடந்ததில் பொய் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் ஓர் ஆளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டோம்.

அன்றிலிருந்து நாவல் படிக்கும்போதும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. பாத்திரப் படைப்பு எழுத்தாளர்களின் தொழில், இயக்கத்தில் இருக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு கதையின் அரசியல் அதில் வரும் ஆவேசமான வசனத்தில் மட்டும் இருப்பதில்லை. அந்தக் கதையில் யாருக்கு ஆசையும் கோபமும் இருக்கிறது? யார் முடிவெடுக்கிறார்கள்? ஒருவர் செய்த தப்புக்கு எந்தக் காரணம் காட்டப்படுகிறது? கதை யார் பக்கம் நிற்கிறது என்பதை இந்த மூன்று கேள்விகள் காட்டிக் கொடுத்துவிடும்.

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூடுதலாகக் கொஞ்சம் நெல் கூலி கேட்டதும், சங்கமாகத் திரண்டதும்தான் பின்னணி. அந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதில் மிராசுதார் கண்ணையா நாயுடுவின் ஆண்மைக் குறை அவரது வன்மத்துக்கு வேராகக் காட்டப்படுகிறது. இந்தப் படைப்பு முறை மீது அப்போதே கடுமையான விமர்சனம் வந்தது. வில்லனுக்கு உளவியல் இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதனின் உடற்குறை காரணமாகிவிட்டால், நிலமும் கூலியும் சாதியும் பின்னணித் திரையாகிவிடுகின்றன. அந்த நாயுடுவுக்குக் குறை இல்லாமல் இருந்திருந்தால் வெண்மணி எரிந்திருக்காதா? ஊருக்கு ஊர் மிராசுதார்கள் சேர்ந்து சங்கம் வைத்திருந்தார்களே, அத்தனை பேருக்குமா குறை? இன்னொன்றையும் பாருங்கள். நாவலில் யோசிக்கிறவர்கள், விவாதிக்கிறவர்கள் டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும். கூலி கேட்டுப் போராடிய மக்களுக்கும் மூளை இருந்தது என்பதற்கு அங்கே இடம் குறைவு.

நாவலாசிரியர் மட்டும்தான் பாத்திரம் படைக்கிறார் என்றில்லை. வெண்மணி வழக்கில் மிராசுதார்களை விடுவித்த உயர் நீதிமன்றம் என்ன சொன்னது? குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருப்பவர், அப்படிப்பட்டவர்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது. அதுவும் பாத்திரப் படைப்புதான். பணக்காரன் என்றால் இப்படித்தான் நடந்துகொள்வான் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்த ஒரு கதையில் 44 பேரின் நியாயம் காணாமல் போனது.

இதற்கு எதிர்ப்பக்கம் போய், நம் ஆட்களை எல்லாம் நல்லவர்களாக எழுதினால் சரியாகிவிடுமா? இந்த இடத்தில்தான் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ முக்கியமாகிறது. 1989இல் வந்த நாவல். காத்தமுத்து ஒரு தலித் தலைவர். காவல் நிலையத்துக்குத் துணிந்து போவார், மனு எழுதுவார், பஞ்சாயத்தில் எதிர்த்துப் பேசுவார். அதே காத்தமுத்து வீட்டில் இரண்டு மனைவிகளை அடக்கி ஆள்கிறவர். அடிபட்டு அவரிடம் அடைக்கலம் தேடி வரும் தங்கம் என்கிற விதவைக்கு உதவுகிறார். பிறகு அவளையே தன் வசப்படுத்திக்கொள்கிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் மகள் கௌரிக்கு அப்பா மேல் கோபம். எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. தங்கத்துக்கு நடந்ததை அவள் சொன்னபடி எழுதாமல், வழக்குக்கு எது வலு சேர்க்குமோ அப்படி மாற்றி மனு எழுத வைக்கிறார் காத்தமுத்து. அதைப் படித்தபோது எங்கள் அறிக்கைதான் ஞாபகம் வந்தது. நாங்களும் ஒரு சின்ன காத்தமுத்துதான்.

தலித் தலைவரை இப்படிக் காட்டலாமா என்ற கேள்வி அன்று எழுந்தது. சிவகாமி அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நாவலே எழுதி, தான் அந்தப் பாத்திரங்களைப் படைத்த விதத்தைத் தானே விசாரணைக்கு உட்படுத்தினார். எழுதுகிறவருக்கு வேண்டிய நேர்மை அது.

அடுத்து, நம்ம பக்கத்து எழுத்தாளர் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, 1994. பறையர் காலனிக்குத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியம். பிரசவத்துக்கும் அவள்தான், சாவுக்கும் அவள்தான். களத்தில் நெல் தூற்றுவாள், ராத்திரி வீடு வீடாகப் போய்ச் சோறு எடுப்பாள். அவள் ஒரு முழக்கமும் எழுப்புவதில்லை. அந்தத் தெரு மக்களைத் தன் பிள்ளைகள் மாதிரி நேசிக்கிறாள். காலம் மாறி, துணி போடுகிறவர்கள் குறையும்போது அவள் அந்தப் பழைய வாழ்க்கைக்காகவே ஏங்குகிறாள். அவள் மகள் மேரியைப் பலவந்தப்படுத்துகிறவன் அந்தக் காலனிக்காரன்தான். சாதி ஒரு மனுஷியின் மனசுக்குள் புகுந்து, பாசம் என்ற பெயரில் குடியிருப்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? ஆரோக்கியம் ஒரு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியிருந்தால் நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவள் ஏக்கத்தைப் பார்க்கும்போது தப்பிக்க வழியில்லை, நம் சொந்தத் தெருவைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த நாவலையும் தலித் ஒற்றுமைக்கு எதிரானது என்று நம்மவர்களே சாடினார்கள். விழுப்புரத்தில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசும்போதும் யாராவது கேட்பார்கள்: “நம்ம குறைய நாமளே எழுதினா, அவங்க அத எடுத்து நம்மள அடிக்க மாட்டாங்களாக்கா?” அடிப்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. வழக்கு மன்றத்தில் நம் பெண்கள் எப்படிக் கேள்வி கேட்கப்படுகிறார்கள் என்று பார்த்தவள் நான். ஆனால் குறையில்லாதவர்களுக்குத்தான் நீதி கிடைக்கும் என்ற நிபந்தனையை நாமே ஒப்புக்கொண்டால், நாளைக்குக் குடிக்கிறவன், கடன்காரன், காதலித்து ஓடிப்போனவள், வாய் துடுக்கானவள் யாருக்கும் நாம் மனு எழுத முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவரிடம் நற்சான்றிதழ் கேட்கவில்லை. நாம் ஏன் கேட்க வேண்டும்?

இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில் நடந்த சாதிக் கலவரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். நான் வளர்ந்தபோது அவர்களை ‘12 பேர்’ என்றுதான் கேள்விப்பட்டேன். அவர்களில் யார் நன்றாகப் பாடுவார், யாருக்குக் கோபம் மூக்கின் மேல் வரும், யார் அன்றைக்கு எந்த வேலைக்காக வெளியே போனார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாவம் மட்டுமே படுவதற்கு எண்ணிக்கை போதும். நம்முடையவர் என்று உரிமையோடு நினைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கொடுப்பதுதான் நல்ல பாத்திரப் படைப்பு செய்யும் வேலை.

இளம் தோழர்களே, அடுத்த நாவலையோ சினிமாவையோ பார்க்கும்போது மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் எழுதும் துண்டறிக்கையிலும் முகநூல் பதிவிலும் கேளுங்கள். நாம் எழுதும் அந்த அம்மாவுக்கு, அந்தப் பையனுக்கு, அழுவதைத் தவிர வேறு ஏதாவது செய்ய இடம் கொடுத்திருக்கிறோமா?

அந்த அக்காவின் அறிக்கையைத் திருத்தினோம். கூலியைக் கேட்டது, கொடுக்க மறுத்தபோது தெருவில் நின்று திட்டியது, அதன்பிறகு அடிபட்டது எல்லாம் வரிசையாக இப்போது அதில் இருக்கிறது. மறுபடி படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, “நான் திட்டனது இதவிட ஜாஸ்தி” என்றார்.